மோதுவதற்கு முன்னால் ஒரு சத்தம்

ராசா,

ஆபீஸில் பேச வேண்டியிருக்கிறது, நாடகத்திலும் ஆட்டத்திலும் இருந்து எங்கள் வேலைக்கு என்ன எடுத்துக்கொள்ளலாம் என்று கொஞ்சம் எழுதி அனுப்புங்கம்மா என்று போன வாரம் போனில் கேட்டாய். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மெஷின்களுக்கு முகம் வரைகிற வேலை உன்னுடையது என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். எந்தப் பட்டன் எங்கே இருக்க வேண்டும், அமுக்கினால் ஸ்கிரீனில் என்ன தெரிய வேண்டும் என்று முடிவு செய்கிறவன் நீ. உன் கார்டில் போட்டிருக்கிற வேலையின் பேரை உன் தங்கச்சி கலா எனக்கு எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்தும் அது வாயில் நுழையவில்லை. கூத்தாடி மகன் என்று பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள் என்று நீ வீட்டுக்கு வந்து அழுதது எனக்கு மறக்கவில்லை. அதே பிள்ளை பெங்களூரில் நாலு பேர் முன்னால் நின்று, இது என் அம்மா ஆடின ஆட்டம் என்று சொல்லப் போகிறான் என்றால் சும்மாவா! அடுப்பில் பால் இருப்பதை மறந்து சிரித்துக்கொண்டே நின்றேன். பாதிப் பால் பொங்கி வழிந்து போனது.

அது போன வாரம். இப்போது நான் எழுத உட்கார்ந்திருப்பது அந்தச் சந்தோஷத்தில் இல்லை, பயத்தில். வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்து சோறு இறங்கவில்லை. தெருவில் யாராவது கதவைச் சாத்தினால்கூடத் தூக்கிவாரிப் போடுகிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம், வயசு இல்லை. நீ கேட்டதும் இந்தக் கடிதத்தில் இருக்கும், நீ கேட்காததும் இருக்கும். படித்துவிட்டு உன் ஆபீஸில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டு. உன்னோடு வேலை செய்கிற பிள்ளைகள் எல்லோரும் எனக்குப் பிள்ளைகள்தான், அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். கலாவுக்கு மட்டும் இப்போதைக்குத் தெரிய வேண்டாம். வளைகாப்பு முடிந்து நம் வீட்டுக்கு வந்திருக்கிறாள், இப்போதுதான் கொஞ்சம் நன்றாகச் சாப்பிடுகிறாள். அவளுக்கு முன்னால் நான் சிரித்துக்கொண்டு வளைய வருகிறேன். நடிக்கிறது எனக்குப் புதுசா என்ன!

முதலில் நாடகத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். நாங்கள் போட்டது ஸ்பெஷல் நாடகம். அதற்கு ஒத்திகை கிடையாது. பபூன் புதுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வருவார், ராஜா வேஷம் கட்டுகிறவர் திண்டுக்கல்லிலிருந்து வருவார், நான் மதுரையிலிருந்து போவேன். மேடைக்குப் பின்னால் தட்டி மறைவில் பவுடர் போடும்போதுதான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்போம். "நல்லாருக்கீகளா அண்ணே, எந்த ஊரு?" என்று கேட்டு முடிப்பதற்குள் ஆர்மோனியம் கூப்பிட்டுவிடும். அப்புறம் விடிகிற வரைக்கும் பத்து வருஷம் சேர்ந்து குடித்தனம் நடத்தினவர்கள் போலப் பேசுவோம், பாடுவோம், சண்டை போடுவோம். இது எப்படி நடக்கிறது என்று நீ சின்னப் பிள்ளையில் கேட்டதற்கு, அதெல்லாம் அப்படித்தான் என்று அதட்டி உன்னைத் தூங்க வைத்தேன். இப்போது சொல்கிறேன். நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் ஒரு நொடிகூட இருட்டில் விடுவதில்லை. ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னால் எதிரில் இருப்பவர் "உம்" என்றாவது சொல்லிவிட வேண்டும். பதில் யோசித்து வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த "உம்" உடனே வர வேண்டும். வராவிட்டால் சொன்னவர் காதில் விழவில்லை போல என்று இன்னொரு தடவை சொல்வார், சத்தமாகச் சொல்வார், கிட்டே வந்து சொல்வார். பதில் வராத இடத்தில் மனுஷன் சும்மா நிற்க மாட்டான். கையை நீட்டிப் பார்ப்பான்.

அடுத்தது மோதல். பபூனும் டான்ஸ் ஆடுகிறவளும் மோதிக்கொள்கிற காட்சியில்தான் எங்கள் நாடகம் சூடு பிடிக்கும். அவர் ஒரு பக்கம் பாடிக்கொண்டு பின்பக்கமாகவே நகர்ந்து வருவார். நான் இன்னொரு பக்கமிருந்து சனத்துக்கு முகத்தைக் காட்டி ஆடிக்கொண்டு பின்பக்கமாகவே வருவேன். இரண்டு பேரும் முதுகோடு முதுகு இடித்துத் தெறித்து விழ வேண்டும். "யாரது, மேல வந்து இடிக்கிறவரு? கண்ணு என்ன பொடணியிலயா இருக்கு?" என்று நான் பிடித்துக்கொள்வேன், அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு எங்கள் சண்டைதான். மெதுவாக இடித்தால் ஒருத்தனும் சிரிக்க மாட்டான். வேகமாக இடித்தால் விலா எலும்பு போகும். முன்னே பின்னே பார்த்திராத ஒரு ஆம்பிளையோடு, அவர் குண்டா ஒல்லியா, கால் எட்டி வைப்பாரா என்பதுகூடத் தெரியாமல், முதுகைக் காட்டிக்கொண்டு போய் மோத வேண்டும். திரும்பிப் பார்க்கவும் கூடாது, பார்த்துவிட்டால் காட்சி செத்துப் போகும். முதுகுக்குக் கண் ஏது?

அதற்குத்தான் உங்கப்பா இருந்தார். டோலக், தபேலா, ஜால்ரா, தகர டப்பா என்று சுற்றி வைத்துக்கொண்டு மேடை ஓரத்தில் உட்கார்ந்து, நடக்கிற எல்லாவற்றுக்கும் சத்தம் கொடுக்கிறவர். எங்கள் பேச்சில் ஆல்ரவுண்ட். யாராவது கண் அடித்தால் ஒரு டிங், விழுந்தால் ஒரு டமால். மோதல் காட்சியில் நானும் பபூனும் நெருங்க நெருங்க டோலக்கில் ஒரு உருட்டல் கொடுப்பார். தூரத்தில் இருக்கும்போது மெல்ல வரும், கிட்ட வர வர வேகமாகும், அப்புறம் சட்டென்று நிற்கும். அந்த நிறுத்தத்தில் நான் உடம்பை இறுக்கிக்கொள்வேன். மோதும்போது ஜால்ரா அலறும். என் கண் சனத்தின் மேல் இருக்கும், கை முத்திரையில் இருக்கும், கால் தாளத்தில் இருக்கும். காது மட்டும்தான் சும்மா இருக்கிறது என்று தெரிந்து, அவர் அந்தக் காதில் வந்து சொன்னார். ஒரு ஊரில் டோலக்கின் தோல் கிழிந்து போனபோது பலகையைக் காலால் ஓங்கி ஓங்கி மிதித்தார். அது என் உள்ளங்காலுக்கு வந்து சேர்ந்தது. உன் ஆபீஸில் சொல்ல ஒன்றே ஒன்று வேண்டுமென்றால் இதை எடுத்துக்கொள். வேலை செய்கிறவனின் கவனம் எங்கே இருக்கிறதோ அங்கே தேடிப் போய்ச் சொல்லுங்கள். நீங்கள் சொல்கிற இடத்துக்கு அவன் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

உனக்கு அந்தச் சத்தம் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். உங்கப்பா வீட்டிலும் ஆல்ரவுண்ட்தானே! நீ தட்டை எடுத்தால் வாயாலேயே ஒரு டொய்ங், நான் கோபமாகத் திரும்பினால் ஒரு ஜல், கலா தும்மினால் அதற்கொரு தாளம். பசுமலைப் பள்ளிக்கூடத்திலிருந்து நீ ஒருமுறை கூட்டாளிகளைக் கூட்டிவந்தாய். அதில் ஒரு பையன் நம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்ததும் அப்பா பழக்கதோஷத்தில் ஒரு டமால் போட்டுவிட்டார். அந்தப் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உன் முகம் அப்படியே கறுத்துப் போனது. அவர்கள் போனதும், "அப்பா, கையெடுத்துக் கும்பிடுறேன், இந்த வீட்டுல கொஞ்சம் சத்தமில்லாம இருங்கப்பா" என்றாய். அதற்கப்புறம் உன் கூட்டாளிகள் வந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார். நீ காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படித்தாய், படித்து மேலே போனாய். உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லையடா. தகர டப்பாச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்த பிள்ளைக்கு அமைதி வேண்டியிருக்காதா? உன் பெங்களூர் வீட்டில் சுவர்க் கடிகாரம்கூட டிக்டிக் என்று அடிக்காததைப் பார்த்தபோதே புரிந்துகொண்டேன்.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. பயப்படுவாய் என்றுதான் சொல்லவில்லை, இப்போது நீ பயப்பட வேண்டும் என்று சொல்கிறேன். கீழக்குயில்குடியில் ஒரு நாடகம். நீ என் வயிற்றில் இருந்தாய். பாவாடை மடிப்பில் வயிற்றை மறைத்துக் கட்டிக்கொண்டு ஆடப் போயிருந்தேன். பபூன் கருப்பையா அண்ணே, ஆள் நல்ல தேக்கு மரம். நாடகம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் முன்வரிசையில் இருந்த ஒரு பெரிய மனுஷர் உங்கப்பாவைப் பார்த்து, "என்னப்பா இம்புட்டு இரைச்சல்? படிச்ச சனமெல்லாம் வந்திருக்கு, கொஞ்சம் நாசூக்கா வாசிக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டார். உங்கப்பாவுக்கு அவமானமாகப் போய்விட்டது. நாசூக்காகத்தான் வாசித்தார். மோதல் காட்சியில் அந்த உருட்டல் இல்லாமல், கடைசியில் ஜால்ராவை மட்டும் லேசாகத் தட்டினால் அழகாக இருக்கும் என்று நினைத்துவிட்டார். நான் பின்பக்கமாகவே ஆடிக்கொண்டு போகிறேன். உருட்டல் வரவில்லை. அண்ணே இன்னும் தூரத்தில் இருக்கிறார் என்று நினைத்து எட்டி எட்டிக் கால் வைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்.

இடித்த இடியில் நான் மேடையை விட்டு வெளியே போய் விழுந்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் கிடக்கிறேன், சனம் கைதட்டுகிறது ராசா! சிரிக்கிறது, விசில் அடிக்கிறது. அதுவும் காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டார்கள். அவர்களைத் திட்டி என்ன செய்ய, வழக்கத்தில் இல்லாதது ஒன்று நடந்துவிட்டது என்று அவர்களுக்கும் யாரும் சத்தம் கொடுக்கவில்லையே. உங்கப்பா ஆர்மோனியத்தைத் தாண்டிக் குதித்து ஓடி வந்தார். "ஏத்தா, ஏத்தா, பேசு" என்கிறார், எனக்கு வாய் வரவில்லை. மாட்டு வண்டியில் போட்டு மதுரைக்குக் கொண்டு போகிற வழியெல்லாம் வயிற்றில் கையை வைத்துக்கொண்டே இருந்தேன், நீ அசையவே இல்லை. சமணர் மலையெல்லாம் பின்னால் போய், வெளிச்சம் வந்த பிறகுதான் ஒரு உதை விட்டாய். அவர் வண்டியிலேயே குலுங்கிக் குலுங்கி அழுதார். அன்றைக்குச் சொன்னார், "அசிங்கமா இருந்தா இருந்துட்டுப் போகட்டும், இனி எவன் சொன்னாலும் அந்த உருட்டல விட மாட்டேன்" என்று. கடைசி வரைக்கும் விடவில்லை. நீ வெறுத்த சத்தம் அதுதான்.

சரி, இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். நீ முகம் வரைந்து கொடுத்த, தகட்டை அமுக்கி வளைக்கிற பவர் பிரஸ் கப்பலூருக்கு வருகிறது, அதுவும் நம் மாப்பிள்ளை செல்வம் வேலை பார்க்கிற பட்டறைக்கே வருகிறது என்றபோது, இந்தத் தெருவில் நான் பேசாத ஆள் இல்லை. பூஜை போட்ட அன்று நீ வர முடியவில்லை, நான்தான் எலுமிச்சம்பழம் கொண்டு போனேன். ஆளுயரத்துக்கு மேல், பச்சை பெயின்ட் அடித்து, பக்கத்தில் உன் ஸ்கிரீன். கறுப்பில் ஒரே ஒரு வட்டம், அவ்வளவு சுத்தம். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும், கை உள்ளே இருக்க வழியே கிடையாது என்று நீ யோசித்து வைத்ததை ஓனர் எல்லோருக்கும் விளக்கினார். எனக்குப் பெருமையில் கண் நிறைந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மாப்பிள்ளைக்குச் சாப்பாடு கொண்டு போனேன். "பத்து நிமிசம் உக்காருங்க அத்தை, இந்த லோடு மட்டும் முடிச்சுட்டு வாரேன்" என்றார். தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன்.

இடது பக்கத்துப் பட்டனில் ஒரு மரச்சில்லைச் செருகி, அது எப்போதும் அமுங்கியே இருக்கும்படி வைத்திருந்தார் ராசா. வலது கையால் மற்ற பட்டனை ஒரு தட்டு. இடது கையால் தகட்டை வைக்கிறது, எடுக்கிறது. பட்டனைத் தட்டியதும் பிரஸ் உடனே இறங்கவில்லை. ஒரு மூச்சு நேரம் சும்மா நிற்கிறது. அந்த நேரத்தில் உன் ஸ்கிரீனில் வட்டம் பச்சையாக நிறைந்துகொண்டு வருகிறது, கோலம் போடுகிற மாதிரி அழகாக, அது நிறைந்ததும் பிரஸ் இறங்கும். அதை யாரடா பார்க்கிறார்கள்? மாப்பிள்ளை கண் தகட்டில் இருக்கிறது. ஒரு தகடு கோணலாக உட்கார்ந்துவிட்டது. தட்டினார், ஒன்றும் நடக்கவில்லை, தட்டினது படவில்லை என்று நினைத்து இடது கையை உள்ளே விட்டு அதை நேராக்கப் போனார். வட்டம் நிறைகிறதை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உருட்டல் இல்லாமல் மோதல் வருகிறது என்று என் உடம்புக்குத் தெரிந்துவிட்டது. "ஏய்!" என்று கத்தினேன். மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல் அது. அவர் பதறிக் கையை இழுத்தார். பிரஸ் இறங்கியது.

"என்ன அத்தை, இங்கயும் நாடகமா?" என்று சிரித்தார். அப்புறம் கையைப் பார்த்தார். கையுறை அவர் விரலுக்குக் கொஞ்சம் பெரிது. நடுவிரல் நுனியில் துணியைக் காணவில்லை. அது தகட்டோடு தகடாக நசுங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார், கொண்டு போன சோற்றைத் தொடவில்லை. "ஏன் மாப்ள அந்தச் சில்லைச் செருகுனீங்க?" என்றேன். முதலில் இரண்டு கையாலும்தான் அமுக்கினார்களாம். அமுக்கினது மெஷினுக்குப் பட்டதா இல்லையா என்றே தெரியாமல் மறுபடி மறுபடி அமுக்கி, அமுக்க அமுக்க அது முதலிலிருந்து யோசித்து, வேலை ஓடவில்லையாம். அதனால் ஒரு பட்டனுக்கு வாயை அடைத்துவிட்டார்கள், எல்லா ஷிப்ட்டிலும் அப்படித்தானாம். "என் மகனிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல, வாராவாரம் போன் போட்டுக் கேக்குறானே" என்றேன். அதற்கு அவர் சொன்னதைக் கேள். "மச்சான் செஞ்ச மெஷின நானே எப்படி அத்தை குறை சொல்றது? ஆசையா கேக்குறாரு. சூப்பர்னுதான் சொல்லத் தோணுது. நாளைக்கு அவரு பேரு கெட்டுச்சுன்னா கலா என் மூஞ்சியில முழிப்பாளா?"

கேட்டாயா? பெண் கொடுத்த வீட்டு மரியாதைக்கு அந்தப் பிள்ளை தன் விரலைப் பணயம் வைக்கிறான். நீயும் மெஷின் எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கு வேறு ஆள் கிடைக்காமல், உன்னை மனம் நோகப் பேசவே முடியாத ஒருத்தரைப் பிடித்துக் கேட்டிருக்கிறாய். மேடையில் எங்களுக்கு அந்தச் சங்கடம் இல்லை. பிடிக்கவில்லை என்றால் சனம் துண்டை உதறிப் போட்டுப் படுத்துவிடும், எழுந்து வேர்க்கடலை வாங்கப் போகும். அதைப் பார்த்துப் பாட்டை மாற்றுவோம். நன்றாயிருக்கா என்று வாயால் யாரையும் கேட்டதில்லை, கேட்டால் நன்றாயிருக்கு என்றுதான் சொல்வார்கள். கேட்காதே ராசா, வந்து பார். பூஜை அன்று பார்க்காதே, அன்று எல்லோரும் சட்டை மாற்றிக்கொண்டு சரியாகத்தான் வேலை செய்வார்கள். லோடு அவசரத்தில், கரண்ட் வந்து வந்து போகிற நேரத்தில், பசியோடு நிற்கிற நேரத்தில் வந்து பார். நீ இதைச் செய்தது ஏசி ரூமில், உன்னோடு இருந்தவர்கள் எல்லோருக்கும் அடுத்து என்ன வரும் என்று முன்னமே தெரியும். அது ஒத்திகை பார்த்த நாடகம். கப்பலூரில் நடப்பது எங்கள் நாடகம், உன் மெஷினும் அந்த ஆளும் அங்கேதான் முதல் தடவை முகம் பார்த்துக்கொள்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்குக்கூட வராமல், பஸ் ஸ்டாப்பிலிருந்தே உனக்குப் போன் போட்டேன். "ம்மா, மீட்டிங்ல இருக்கேன்" என்றாய். கை உள்ளே போகிறதடா என்றேன். சிரித்தாய். "ரெண்டு பட்டன் இருக்கும்மா, கை உள்ள போகவே முடியாது. நீங்க பயப்படாதீங்க. நாடகம் பத்தி எழுத மறந்துறாதீங்க" என்று வைத்துவிட்டாய். உன்மேல் கோபம் கோபமாக வந்தது. அப்புறம் யோசித்தேன், நீ சொன்னது பொய்யில்லை, நீ வரைந்த படத்தில் கை உள்ளே போகாது. சனிக்கிழமை ஓனரிடம் போகலாம் என்றால் மாப்பிள்ளை என் காலில் விழாத குறை. சில்லைச் செருகினது தெரிந்தால் முதலில் இவர் வேலைதான் போகும், பிள்ளை பிறக்கிற நேரம் பாருங்கள் அத்தை என்கிறார். அந்தச் சில்லை எடுத்து நானே தூக்கி எறிந்தேன். மரச்சில்லுக்கா பஞ்சம்? ஒருவேளை நான்தான் ஒன்றும் தெரியாமல் அலறுகிறேனோ என்றும் இருக்கிறது. எனக்குப் பிரஸ்ஸைப் பற்றி என்ன தெரியும்? அந்த இரைச்சலில் சத்தம் வைத்தால் கேட்குமா, கைக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு வைப்பதா, காலடியில் உதறுகிற மாதிரி ஏதாவது செய்வதா, எனக்குத் தெரியாது. அது உன் படிப்பு, உன் தலைவலி. பட்டனைத் தட்டின உடனே "உம்" என்று சொல்ல வை, இறங்குவதற்கு முன்னால் அவன் கவனம் இருக்கிற இடத்தில் உருட்டல் கொடு. அசிங்கமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

என் பயம் என்ன என்று பட்டவர்த்தனமாகச் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை விரலுக்குப் பயப்படுகிறேன். கலா வயிற்றுப் பிள்ளைக்குப் பயப்படுகிறேன், அதைத் தூக்கிக் கொஞ்ச அப்பனுக்கு இரண்டு கையும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் உனக்குப் பயப்படுகிறேன். கீழக்குயில்குடி வண்டியில் உங்கப்பா அழுத அழுகையை நான் பார்த்தவள். அவருக்காவது நீ ஒரு உதை விட்டுக் காட்டினாய், அவர் பிழைத்தார். நசுங்கின விரல் திரும்ப அசைந்து காட்டுமா? அப்படி ஒன்று நடந்துவிட்டால் நீ எங்கே உட்கார்ந்து எதை வரைந்தாலும் அது உன் கண்ணுக்குள்ளேயே நிற்கும். அதை உன்னால் தாங்க முடியாது. உன்னை எனக்குத் தெரியும். கையுறையின் அந்தத் துணித் துண்டை இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். கூட்டத்தில் என் ஆட்டத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் அதை மேசைமேல் வை. தடவிப் பார்க்கச் சொல், எல்லோரும் பார்க்கட்டும்.

கவரைக் கூரியரில் போட்டுவிட்டு நான் கப்பலூர் பஸ் ஏறுகிறேன். ஓனரிடம், மகன் செய்த மெஷினைக் கொஞ்ச நாள் பக்கத்தில் இருந்து பார்க்க ஆசை என்று நேற்றே சொல்லிவிட்டேன். "அதுக்கென்னம்மா, தாராளமா இருங்க" என்று ஸ்டூல் போடச் சொல்லியிருக்கிறார். உங்கப்பாவின் ஜால்ராவைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். அந்த வட்டம் நிறைய ஆரம்பித்ததும் அடிக்கப் போகிறேன், ஒவ்வொரு தகட்டுக்கும். பட்டறையே சிரிக்கட்டும், மகன் மெஷினைப் பார்க்க வந்தவள் கூத்தாடுகிறாள் என்று சொல்லட்டும், எனக்கு அது பழக்கம்தான். நீ வருகிற வரைக்கும் அந்த மெஷினுக்கு நான்தான் ஆல்ரவுண்ட். ஆனால் ராசா, எனக்கு வயசாகிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் என்ன செய்தாலும் கண் சொக்குகிறது. ஒரே ஒரு தடவை அசந்துவிட்டால் போதும். அதற்குள் வந்துவிடு.

அம்மா